அம்மாவின் போனை யாரும் எடுக்கவில்லை

சென்னை ஊரூர் குப்பத்தில் என் அம்மா மீன் விற்கிறார். படகு வந்ததும் அடையாறு வாடிக்கை வீடுகளுக்குப் போன் செய்து, கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அம்மா கரையில் இருக்கும்போது நானும் ஆர்டர் எடுக்கலாமே என்று, இருவர் போனிலும் ஒலிக்கும் இணையவழி எண் ஒன்றை வாங்கினேன்.

முதல் நாளே கூடை நிறைய வஞ்சிரம். புது எண்ணிலிருந்து அம்மா அழைத்த ஒரு வீட்டிலும் எடுக்கவில்லை. எண் தந்த நிறுவனத்தின் சேவை மையத்தைக் கூப்பிட்டால், "ஒன்றை அழுத்தவும்" என்ற பதிவுக் குரலே திரும்பத் திரும்ப வந்தது. எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"இன்னாடி படிச்ச நீ? மீனு கெட்டுக்கினு கீது!" என்று கத்திய அம்மா, பழைய எண்ணிலிருந்து ஒரு வீட்டுக்குப் போன் போட்டார்.

"செல்வியா? அந்தப் புது நம்பர் நீதானா? ஏதோ லோன் கம்பெனின்னு கட் பண்ணிட்டேனே! இப்பதான் சிக்கன் வாங்கினோம்" என்றார் அந்த வீட்டுக்காரம்மா.

பாதி மீன் கருவாடானது.

இப்போது மீன் கொடுக்கும் வீட்டு வாசலிலேயே நின்று, புது எண்ணை 'மீன் செல்வி' என்று அவர்கள் போனில் பதியவைக்கிறேன். பதிந்த வீடுகளுக்கு மட்டுமே அதிலிருந்து அழைக்கிறோம். மற்ற வீடுகளுக்குப் பழைய எண்ணிலிருந்து அம்மாதான் அழைப்பார்; அந்தப் போனை மட்டும் இன்னும் என்னிடம் தருவதில்லை.