பாலாம்பிகையின் கீழ்த்தோட்டம்

கண்டி கட்டுக்கலையில் பாலாம்பிகையின் குரலுக்கு முன்னால் எந்தச் சேவலும் கூவியதில்லை. பித்தளைக் குடத்தை இடுப்பில் ஏற்றி "பாலேய்!" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் மேட்டுத்தெரு வரைக்கும் விளக்கு எரியும். இப்போது அவளைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் பாலுக்காக வருவதில்லை. இந்தியாவிலிருந்து வந்து நாலு காசு சேர்த்து, இந்த ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அவள் தொழுவத்துக்குத்தான் போகிறார்கள். அவள் விலையைக் கேட்பதில்லை, எல்லையைக் கேட்பதில்லை.

"விக்கிறது பொம்பளையா? அப்போ அவ கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க."

வந்தவர்கள் விழிப்பார்கள். 1931ஆம் ஆண்டு வரைக்கும் அவளும் அப்படி விழித்தவள்தான்.

சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி, மடுல்கெல்லத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். லயத்து ஒற்றையறை வாழ்க்கையை விட்டுக் கண்டிக்கு வந்து, ஒரு மாட்டை ஏழு மாடாக்கினாள். புருஷன் செல்லச்சாமி ரோட்டு வேலைக்குப் போவான். வீட்டை ஓட்டியது மாடுகள். அந்த மாடுகள் நின்ற கொட்டகை ஜவாஹிர் முதலாளியுடையது. அவர் அந்த வருஷம் ஒரு மோட்டார் கார் வாங்கினார்.

"காருக்கு நிழல் வேணும் பாலம்மா. ஆடி முடியிறதுக்குள்ள எடத்தை ஒதுக்கித் தாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இடம் கிடைக்காவிட்டால் மாடுகளை விற்க வேண்டும். மாடு போனால் மறுபடியும் மடுல்கெல்ல, மறுபடியும் கூடை. "செத்தாலும் அந்த லயத்துக்கு ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிலம் தேடக் கிளம்பினாள்.

அம்பிட்டியவில் பலசரக்குக் கடை வைத்திருந்த முனாப் நானாதான் வழி காட்டினார். கடைக்குப் பின்னால் சரிவில் ஹீன் மெனிக்கா என்ற சிங்களப் பெண்ணின் கீழ்த்தோட்டம் இருந்தது. பலாமரம், முழங்கால் அளவு புல், கோடையிலும் வற்றாத ஓடை. மகளின் கல்யாணத்துக்காகப் பாதியை விற்க அவள் சம்மதித்திருந்தாள்.

கிரய உறுதி எழுத எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்கள். புரொக்டர் மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரிடம் கிளார்க். இரண்டு மொழி படித்துவிட்டு இந்தியாவிலிருந்து வந்திருந்த எனக்கே இந்த ஊர் நிலப்பேச்சு பாதி புரியாது. கையெழுத்துப் போடுகிற நாளில் ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படிப்பேன். பாலாம்பிகைக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.

"பட்டா யாரு பேர்ல இருக்கு தம்பி?"

"இங்கே பட்டா கிடையாதுக்கா. நொத்தாரிசு எழுதுகிற உறுதிதான்."

"சரி, எவ்வளவு நிலம்?"

"இரண்டு ரூட், பத்துப் பேர்ச்சஸ்."

"அது கெடக்கட்டும். எத்தனை மாடு நிக்கும்?"

ஓடையோரத்து வயல்துண்டு மட்டும் அளவில் இல்லை. ஹீன் மெனிக்கா அதை இத்தனை லாஹ விதைப்பு என்று சொன்னாள். நான் அகராதியைத் தேடினேன். பாலாம்பிகை சிரித்தாள். "எங்க ஊர்ல மரக்கால் வெதப்பாடுங்கிறோம்ல, அதுதான். வெதைக்கிற நெல்லை வச்சு வயலை அளக்கிறாங்க." சொல் எல்லாம் வசப்பட்டுவிட்டது என்ற தெம்பில் எழுந்து போனாள்.

அந்தத் தெம்புதான் அவளை மாட்டிவிட்டது. கல்யாணமான பெண்ணிடம் நிலம் வாங்கினால் புருஷனை முன்னால் நிறுத்திச் சம்மதம் வாங்குவது இந்தியாவில் எங்கள் ஊர் வழக்கம். இல்லாவிட்டால் பின்னாளில் புருஷன் வீட்டார் வந்து நிற்பார்கள். ஹீன் மெனிக்காவின் புருஷனுக்குத் தெல்தெனியச் சந்தையில் கடை. கிழமைக்கு ஒருமுறை வந்து போவான். யாரிடமும் சொல்லாமல் பாலாம்பிகை தெல்தெனியவுக்கு பஸ் ஏறி, வெற்றிலை வைத்து அவனை அழைத்து வந்துவிட்டாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முனாப் நானா கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, ஊர் கேட்க முழங்கினான்: "எனக்கு என்ன மறுப்பு? மேளம் அடித்து, ஊர்வலமாகத் தெல்தெனியவுக்கு அவளைக் கூட்டிப்போனவன் நான்!"

அதே கடையில் மண்ணெண்ணெய் வாங்க நின்றவன் லொக்குபண்டா. ஹீன் மெனிக்காவின் ஒரே அண்ணன், மேல்தோட்டத்துக்காரன். போத்தலைக்கூட எடுக்காமல் நேரே எங்கள் ஆபீசுக்கு வந்தான்.

"தங்கச்சி தீக போனவள். அவள் புருஷனே கடையில் ஊர் கேட்கச் சொல்லிவிட்டான். கீழ்த்தோட்டம் என்னுடையது. பால்காரியைப் புல் வேறெங்காவது தேடச் சொல்லுங்கள்."

மயில்வாகனம் பேனாவை மூடினார். பாலாம்பிகைக்கு ஆள் அனுப்பினோம். முனாப் நானாவும் கூட வந்தார்.

"என்ன நானா, தீகன்னா?"

"கண்டிச் சிங்களவங்கட வழக்கம் தங்கச்சி. பொண்ணு மாப்பிள்ளட ஊட்டுக்குப் போனா தீக. வாப்பாட நெலத்துல அவக்குப் பங்கில்ல. மாப்பிள்ள பொண்ணுட ஊட்டுக்கு வந்தா பின்ன. அப்ப பங்கு ஈக்கி. நீங்க அந்த மனிசன இழுத்துட்டு வந்து, அவன்ட வாயாலயே தீகண்டு சொல்ல வெச்சிட்டீங்களே!"

பாலாம்பிகை இடுப்புக் குடத்தைத் தரையில் இறக்கி வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அப்போ போனது போனதுதானா ஐயா? திரும்பி வந்தாலும் இல்லையா?"

மயில்வாகனம் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கேள்வி கேட்டியள். தீக போனவள் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்து, அங்கையே இருந்து, தகப்பனையும் பாத்து, பிள்ளையையும் அங்கையே வளத்திருந்தால் விட்ட உரிமை திரும்பக் கிடைக்கும். ஆனால் தமையன் இல்லை எண்டு நிண்டால் வழக்குத்தான். வழக்கெண்டால் வருஷக்கணக்கு."

"ஆடி வரைக்குந்தான் எனக்குக் கெடு" என்றாள்.

ஹீன் மெனிக்கா கல்யாணமான இரண்டாம் வருஷமே வயிற்றுப் பிள்ளையோடு திரும்பி வந்தவள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் லொக்குபண்டாவை எதிர்த்து வாய் திறக்க அயலில் ஆளில்லை. கடைசியில் ஊர்த் தலைவரான ஆராச்சி முன்னால் பேசுவது என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலையில் ஹீன் மெனிக்காவின் காலஞ்சென்ற தகப்பன் வீட்டு முற்றத்தில் கூடினோம். ஆராச்சி கதிரையில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். லொக்குபண்டாவின் ஆட்கள் வேலியோரம் நின்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை. அடிதடி என்று வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

"அவள் தெல்தெனியக்காரி" என்றான் லொக்குபண்டா. "விருந்துக்கு வருவாள், போவாள். அவ்வளவுதான்."

ஹீன் மெனிக்கா அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆராச்சி எங்கள் பக்கம் திரும்பினார். மயில்வாகனம் தொண்டையைச் செருமுவதற்குள் பாலாம்பிகை முன்னால் போய்விட்டாள். பால் ஊற்றி ஊற்றிப் பழகிய உடைந்த சிங்களத்தில், ஆராச்சியைப் பார்த்து இழவு வீட்டுக் குரலில் ஆரம்பித்தாள்.

"அப்போ பெரியவர் தனியாவா செத்தாரு? ஐயோ பாவமே! பாயில கெடந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்லையா? மக விருந்தாளி. மகன் மேல்தோட்டத்துல. கூப்புட்டா கேக்குற தூரம், எட்டிக்கூடப் பாக்கலியே! எங்க ஊர்ல கிழட்டு மாட்டைக்கூட இப்படிப் போட மாட்டாங்க சாமி."

வேலியோரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு கிழவர் லொக்குபண்டாவைப் பார்த்துக் காறித் துப்பினார். அவன் முகம் கறுத்தது.

"என் அப்பாவைத் தனியாக விட்டேன் என்று எவள் சொன்னது?" என்று பாய்ந்து வந்தான். "தங்கச்சி இந்த வீட்டிலேதானே இருந்தாள்! அத்தனை வருஷமும் இருந்தாள்! அப்பாவுக்குக் கடைசிக் கஞ்சி அவள் கையால்தான். அவள் மகள் பிறந்ததே அதோ, அந்த அறையில்தான்! அவள் இருக்கும்போது நான் எதற்கு வரவேண்டும்?"

ஆராச்சி அணைந்துபோன சுருட்டைத் திரும்பப் பற்றவைத்தார்.

"லொக்குபண்டா, இன்னொரு தடவை சொல்லு. எல்லாருக்கும் கேட்கட்டும்."

இல்லை என்றால் தகப்பனைக் கைவிட்ட மகன். ஆம் என்றால் தோட்டம் தங்கச்சிக்கு. ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இருந்தாள்" என்றான் கடைசியில்.

"ஓம், வழக்கு முடிஞ்சுது" என்று மயில்வாகனம் குடையை விரித்தார்.

முனாப் நானா தொடையில் தட்டிச் சிரித்தார். "மாட்டுல கறக்கிறத்தப் பாத்தீக்கிறேன். மனிசன்ட வாயிலயும் கறக்க ஏலுமெண்டு இன்டைக்குத்தான் பாத்தேன்!"

பாலாம்பிகை சிரிக்கவில்லை. லொக்குபண்டாவிடம் போய்க் கும்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. பெரியவரை நீங்க தனியா விடலைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. மானம் உங்களுக்கு, தண்ணி என் மாட்டுக்கு."

அவன் உர்ரென்று நின்றான். ஹீன் மெனிக்கா வெற்றிலையை மடித்து அண்ணன் கையில் வைத்தாள். மறுநாள் உறுதியில் சாட்சிக் கையெழுத்து லொக்குபண்டாவுடையது. கேட்டு வாங்கியவள் பாலாம்பிகை.

ஆடி முடிய நாள் இருக்கும்போதே மாடுகள் புறப்பட்டன. கொம்புக்கு மஞ்சள், கழுத்துக்கு மாலை, முன்னால் பித்தளைக் குடத்தோடு அவள், பின்னால் வேலைக்கு லீவு போட்ட செல்லச்சாமி. "இந்த வருஷம் பெரஹர ஊர்வலம் முந்தியே வந்திட்டுதோ?" என்று கடைவாசலில் கேலி செய்தார்கள். அம்பிட்டிய ஏற்றத்தில் பின்னால் ஒரு மோட்டார் கார் வந்து மாட்டிக்கொண்டது. ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்தது. ஜவாஹிர் முதலாளி கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பாலம்மா, கொஞ்சம் ஒதுங்குங்களே!"

"ஒதுங்கச் சொன்னீங்க, ஒதுங்கிட்டேன் மொதலாளி. இப்போ எங்க வீட்டுக்குப் போறோம். மெதுவா வாங்க."

ஏற்றம் முடிகிற வரைக்கும் அந்தக் கார் ஏழு மாடுகளின் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டு வந்தது.