நைந்த கயிறும் காசிம் பாயின் சாட்சியும்

காசிம் பாய் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியை ராயபுரத்திலிருந்து நடந்தே வந்து சொன்னவர், அந்தோணியின் மனைவி மேரி. "அவரு இல்லன்னா எங்க வூடு நின்னுருக்காது ரைட்டரே" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். துறைமுகத்தில் பாயோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த வழக்கு நினைவிருக்கும். அதில் நான் எவ்வளவு தயங்கினேன் என்பது தெரிந்திருக்காது.

கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் வின்ச்சை ஓட்டியவர் பாய். இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது ரைட்டரான என் வேலை. அன்று காலை அவர் போர்மனிடம் போய், "கயிறு பிரிஞ்சிகினு கீது சார், மாத்திக் குடுங்க" என்றார். "சாயங்காலம் கப்பல் கெளம்பணும். ஓட்டு" என்றார் போர்மன். இரண்டடி தள்ளி நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கயிறு அறுந்தது. கீழே நின்ற கூலியாள் அந்தோணியின் முதுகில் மூட்டைகள் சரிந்தன. இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு திரும்பவேயில்லை.

அந்தோணி தடையை மீறித் தொங்கும் சரக்குக்கு அடியில் போய் நின்றார், தவறு அவருடையதே என்றது கம்பெனி. கயிற்றைப் பற்றி எவரும் புகார் செய்யவில்லை என்று போர்மன் எழுதிக் கொடுத்தார். சாட்சி சொல்பவனுக்கு வேலை இருக்காது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் பாய் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "கயிறு நைந்தது தெரிந்தும் ஓட்டினீர். அப்படியானால் அந்த ஆளை முடமாக்கியது நீர்தானே?"

பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஆமா சார். ஓட்டுன்னாங்க, ஓட்டிட்டேன். எம் மேலயும் தப்பு கீது. அத்த எழுதிக்கோங்க. ஆனா நான் சொன்னேன்னும் எழுதிக்கோங்க."

"நீர் சொன்னதை வேறு யார் கேட்டது?"

அவர் கண் ஒரு கணம் என்மேல் நின்றது. "கேட்டவங்க கீறாங்க. அத்த அவங்களே சொல்லணும் சார்."

பின்பெஞ்சில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வக்கீல் சிரித்துக்கொண்டே உட்காரப் போனார். நான் எழுந்தேன். "நான் கேட்டேன் சார், ரெண்டடி தள்ளித்தான் நின்னேன்" என்றேன்.

கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பாயை வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள், அதன்பின் வண்ணாரப்பேட்டையில் கைவண்டி இழுத்தார்.

பல வருடம் கழித்து அவரிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் எழுந்திருக்கலன்னா, என் பேரச் சொல்லியிருப்பீங்களா பாய்?"

"இல்ல. கயிறு அறுந்தப்புறம் நானே ரெண்டு நாளு வாயத் தொறக்காம வூட்லதான் பட்த்துகினு கெடந்தேன். உனுக்கும் டைம் வேணும் இல்ல?"

கூண்டில் என் பேரைச் சொல்லாமல் அவர் எனக்குக் கொடுத்த அந்தச் சில நொடிகளைத்தான் நான் வைத்திருக்கிறேன்.