நாய்க்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று

அக்கா அந்த இரண்டு பிரஷ்களையும் தஞ்சோங் காராங் இரவுச் சந்தையில் ஒன்றாகத்தான் வாங்கினாள். நாய், பூனை உடம்பிலிருந்து உதிரும் முடியை வாரி எடுக்கிற பிரஷ். உள்ளங்கையில் அடங்கும். நீலக் கைப்பிடி, அடியில் ரப்பர் பற்கள். முதுகில் வைத்து இழுத்தால் கழன்று நிற்கும் முடியெல்லாம் பற்களுக்கிடையே பஞ்சுபோலச் சேர்ந்துவிடும். துணியில் ஒட்டிய முடியையும் எடுக்கும் என்று விற்றவன் தன் சட்டையிலேயே தேய்த்துக் காட்டினானாம். அதனால் இரண்டு. நாய்க்கு ஒன்று, என் சட்டைக்கு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் ஒன்றின் கைப்பிடியில் சிவப்பு நூலைக் கட்டி வைத்தாள்.

நூல் கட்டியது எதற்கு உரியது என்று நான் கேட்டதில்லை. பொதுவாகவே நான் எதையும் கேட்பவன் இல்லை. தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தேன். அந்த ஆறு வருடமும் ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். பிறகும் அப்படியே இருந்துவிட்டேன்.

அசாம் ஜாவா பக்கம் ஒரு சின்ன வீட்டில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவள் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போவாள். முட்டி வலி வந்ததும் நின்றுவிட்டாள். எனக்குக் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. முதலாளி தமிழ் முஸ்லிம், அறுபதைத் தாண்டியவர். பின்பக்கம் தட்டு, மங்கு கழுவுவேன், வெங்காயம் உரிப்பேன், சாமான் அறையைக் கூட்டுவேன். யாரோடும் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அங்கே வேலை கேட்டுப் போனபோது முதலாளி மூன்று கேள்வி கேட்டார்.

"சிகரெட் உண்டா தம்பி?"

"இல்ல முதலாளி."

"தண்ணி?"

"இல்ல முதலாளி."

"வீட்டுல நாய் வளக்குறியா?"

"இல்ல முதலாளி."

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நான் சரியாகக் கேட்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் செம்பனைக் காட்டிலிருந்து ஒரு குட்டி எங்கள் பின்கட்டுக்கு வந்திருந்தது. செம்பட்டை நிறம், முடியின் நுனி மட்டும் கறுப்பு. அது எங்கள் நாயா இல்லையா என்று அப்போது முடிவாகவில்லை. நான் வேலை கிடைத்து வீடு திரும்பியபோது அக்கா அதற்குப் பால் டின் மூடியில் சோறு பிசைந்து வைத்திருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கே போயி சொல்லிருடா. நாயி இருக்கு, சுத்தமா வந்துர்றேன்னு சொல்லு. அந்தப் பாயி நல்ல மனுசன்னுதானே சொல்றாங்க."

"சரிக்கா."

அந்த நாளை வரவே இல்லை.

முதலாளி கேட்டதில் தவறு இல்லை. அவர்கள் மார்க்கத்தில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட பொருளை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். நாலு பேர் சாப்பிடுகிற கடைக்கு அது சின்ன விஷயமில்லை. நாய் வேண்டாம் என்று நினைத்துத்தான் கேட்டார். நான் இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக அக்கா பதினொரு வருடம் உழைத்தாள்.

தினமும் காலையில் பின்கட்டு சிமெண்டுத் தரையில் நாயைப் படுக்க வைத்துச் சீவுவாள். முதலில் சீப்பு, பிறகு இந்தப் பிரஷ். சரக், சரக் என்று ஒரே அளவில் சத்தம் வரும். வந்த முடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்து, அறைக்குள் கதவைச் சாத்தித் தொங்கவிட்டிருக்கும் என் சட்டையை இன்னொரு பிரஷால் தேய்ப்பாள். நான் அதைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியேறுவேன். நாய்க்கு முன்வாசல் கிடையாது. கொஞ்ச நாளில் அதுவும் புரிந்துகொண்டது. வேலைச் சட்டையோடு என்னைப் பார்த்தால் கிட்டே வராது. தள்ளி உட்கார்ந்து வாலை மட்டும் தரையில் தட்டும். என் பொய்யை என்னைவிட ஒழுங்காகக் காப்பாற்றியது அதுதான்.

கடையில் தேத்தண்ணி கலக்குகிறவருக்கு என் சட்டைதான் தினசரி வேடிக்கை.

"மங்கு கழுவ வந்தவனப் பாருங்கடா, பேங்கு மேனேஜரு மாதிரி நிக்கிறான். யாருக்கு மாப்ள இந்த மினுக்கு?"

நான் குனிந்தபடி சிரிப்பேன்.

"சிரிக்கிறான் பாரு. பொண்ணு வீட்டுக்காரங்க என்னிக்கு வேணும்னாலும் வரலாம்லா, அதான் ரெடியா இருக்கான்."

முதலாளியும் சிரிப்பார். அவர் அந்தச் சுத்தத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். மத்தியானத் தொழுகையை அவர் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடத்தில்தான் முடிப்பார். முட்டி சரியில்லாதவர். தொழுது எழுந்ததும் விரிப்பைக் குனிந்து மடிக்கச் சிரமப்படுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இனிமே இந்த முசல்லாவ நீ மடிச்சு மேல வச்சுரு. உன் கை சுத்தம்."

அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். 

"இப்பவாச்சும் சொல்லிருடா."

"இனிமே எப்படிக்கா சொல்றது?"

மறுநாளிலிருந்து என் சட்டையை இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்தாள்.

சென்ற வருடம் மழை நாளில் ஒரு காலை, அக்கா குளியலறை வாசலில் விழுந்தாள். ரத்தக்கொதிப்பு. மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. மறுநாள் முற்பகல் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாய் பின்கட்டுக் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அப்போது கடைப் பையன் போன் செய்தான்: முதலாளி கிளம்பிவிட்டார்.

அக்காவை நடுவீட்டில் கிடத்தியிருக்க, நான் செய்த முதல் காரியம் பக்கத்து வீட்டுக்கு ஓடியதுதான்.

"அண்ணே, நாயக் கொஞ்சம் உங்க வீட்டுக்குப் பின்னால கட்டிருங்க."

"அக்காவப் பாக்கட்டும்டா. அக்கா வளத்த நாயி."

"முதலாளி வர்றாரு அண்ணே."

பக்கத்து வீட்டு அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு போய்ச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு போனது. சிமெண்டில் நகம் உரசிய சத்தம் உள்ளே வரை கேட்டது.

முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். என் தோளில் கை வைத்தார். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பின்புறமிருந்து நாய் ஊளையிட்டது. நிறுத்தாமல் ஊளையிட்டது.

"யாரு வீட்டு நாய் தம்பி, இப்படி அழுவுது?"

"பக்கத்து வீட்டு நாய், முதலாளி."

அந்த அண்ணன் நாற்காலி தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார். அக்காவைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அது கட்டிப் போட்டபடிதான் இருந்தது.

அதன்பின் நாய் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் தன் இடத்தில் வந்து படுத்துக்கொண்டு காத்திருக்கும். நான் பிரஷை எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் தெரிந்தது, எந்தப் பிரஷ் எதற்கென்று எனக்குத் தெரியாது. அக்கா இரண்டையும் பயன்படுத்தியதும் கழுவிவிடுவாள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நூல் கட்டியதுதான் சட்டைக்கு என்று நானாக முடிவு செய்தேன். மற்றதால் நாயைச் சீவினேன். முடி கொத்துக் கொத்தாக வந்தது. எத்தனை இழுத்தாலும் நிற்கவில்லை. கருமாதி முடிந்த மூன்றாம் வாரம், அதே சிமெண்டில், அதே இடத்தில் செத்துக் கிடந்தது. செம்பனை ஓரத்தில் புதைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் கடப்பாரை கொடுத்தார். அவரும் கூட வந்து குழி தோண்டினார்.

இதை எழுதக் கூசுகிறது. மண்ணைத் தள்ளி மூடும்போது மனதில் ஓர் ஓரம் லேசானது. இனி வீட்டில் நாய் இல்லை. நான் சொன்னது உண்மையாகிவிட்டது. இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் முடி வர ஆரம்பித்தது.

நாய் இருந்த பதினொரு வருடத்தில் ஒரு முடிகூட என் சட்டையில் கடைக்குப் போனதில்லை. இப்போது பைக் சீட்டில் ஒன்று. அரிசிப் பானை மூடிக்குள் ஒன்று. நுனி கறுத்த செம்பட்டை முடி. வீட்டை மூன்று தடவை கழுவினேன். அக்காவின் பாயையும் தலையணையையும் எரித்தேன். ஒரு நாள் புதுச் சட்டை வாங்கி வந்து, குண்டூசி எடுத்து மடிப்பைப் பிரித்தால், காலருக்கு உள்ளே ஒன்று சுருண்டு கிடந்தது. வெளியே நல்ல வெயில். முன்வாசல் திறந்திருந்தது. 

சத்தமும் கேட்டது. காலை பத்து மணிக்கு, நான் வேலைக்குச் சட்டை மாட்டும் நேரத்தில், பின்கட்டிலிருந்து. சரக். சரக். கதவைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். சிமெண்டில் நாய் படுத்துப் படுத்து வழவழப்பான இடம் மட்டும் மினுங்கும்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "வாழ எல தகரத்துல உரசுதுடா" என்று சொல்லி, எனக்காகவே அந்த வாழையை வெட்டினார். சத்தம் நிற்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் முதலாளி தொழப் போனார். போனவர் தொழாமல் விரிப்போடு வெளியே வந்தார். கதவுக்குப் பக்கம் வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார். முந்தின நாள் நான் மடித்து வைத்த விரிப்பு.

"தம்பி, இது என்னா முடி?"

பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. தேத்தண்ணி கலக்குகிறவர் எட்டிப் பார்த்தார்.

"பூன முடி முதலாளி. நம்ம கடைப் பூனதான் எந்நேரமும் மூட்ட மேல தூங்குது. அதுக்கும் மாப்ளயக் கேட்டா அவன் என்ன பண்ணுவான்?"

கடைப் பூனையும் செம்பட்டைதான். முதலாளி முகம் தெளிந்தது. பூனை என்றால் அவருக்கு ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினால் போதும். அவர் கேட்டாலும், வீட்டில் நாய் இல்லை முதலாளி என்று கண்ணைப் பார்த்துச் சொல்லலாம். அது இப்போது நிஜம். ஆனால் அந்த முடி இன்னாருடையது என்று எனக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை வேறு யாருடையதாகவோ ஆக்க எனக்கு வாய் வரவில்லை.

"பூன இல்ல முதலாளி. எங்க நாய்."

தேத்தண்ணிக்காரர் கையிலிருந்த குவளையை அப்படியே வைத்தார்.

"நாய் இல்லன்னு சொன்னியே" என்றார் முதலாளி.

"இருந்துச்சு. நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து இருந்துச்சு. இப்பச் செத்துப்போச்சு."

முதலாளி அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அன்னிக்கி உன் அக்கா மவுத்துல அழுதுச்சே. அது?"

"எங்க நாய்தான்."

"கட்டிப் போட்டிருந்தியா?"

"ஆமா முதலாளி. நீங்க வர்றீங்கன்னு."

அவர் விரிப்பைப் பார்த்தபடி இருந்தார்.

"உள்ள விட்டிருக்கலாமே தம்பி. நான் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுப் போயிருப்பேனே."

 பள்ளியில் போலத் தரையைப் பார்த்தேன். பிறகு அக்கா தினமும் சீவியதை, சட்டையைத் தேய்த்ததை, முசல்லாவை அவர் என் கையில் கொடுத்த நாளிலிருந்து இரண்டு தடவை தேய்த்ததைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"எனக்காகவா செஞ்சுச்சு அந்தப் பொண்ணு?"

"ஆமா முதலாளி. சொல்லிரு சொல்லிருன்னுதான் சொன்னுச்சு. நான்தான் சொல்லல."

அவர் எழுந்தார். "போயி மண்ணு கொண்டா. சுத்தமான மண்ணாப் பாத்து."

கடைக்குப் பின்னால் மேட்டில் கொஞ்சம் மண் எடுத்து வந்தேன். வாளியில் கரைத்தார். விரிப்பை அவரே பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றினேன். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டது கேட்டது. வேலியில் காயப் போட்டபோது சொட்டச் சொட்ட மண்வாசனை வந்தது. அன்று அவர் ஒரு புதுத் துணியை விரித்துத் தொழுதார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. கடை மூடும்போது, "நாளைக்கு வா" என்றார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "முசல்லாவ இனிமே நானே மடிச்சுக்குறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் சட்டை மாட்டும்போது பின்கட்டில் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முடியும் வரவில்லை. நூல் கட்டிய பிரஷும் கட்டாத பிரஷும் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஒருவேளை நூல் கட்டியதுதான் நாய்க்கோ என்னவோ. அப்படியானால் அத்தனை நாளும் நானேதான் அதன் முடியைச் சட்டையில் பூசிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் குண்டூசி எடுக்காத புதுச் சட்டைக் காலருக்குள் எப்படி வந்தது என்பதற்கு அந்தக் காரணமும் போதாது. நான் இரண்டையும் தொடுவதில்லை.

கடையில் தேத்தண்ணிக்காரர் என்னை மாப்ள என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். அதுதான் ஏனோ உறுத்துகிறது.

மத்தியானம் முதலாளி சாமான் அறைக்குள் போவார். நான் மங்கு கழுவும் இடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே இடுக்கு விட்ட ஒரு பலகைச் சுவர்தான். விரிப்பைப் போட்டதும் அவர் உடனே தொழ நிற்பதில்லை. அந்த முட்டியோடு மண்டியிட்டு, உள்ளங்கையால் அதை நெடுக்காகத் தேய்த்துப் பார்க்கிறார். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. சரக். சரக். ஒரே அளவில்.

நான் குழாயை மூடிவிட்டு, அவர் முடிக்கும்வரை ஈரக் கையோடு நிற்கிறேன்.