இரண்டாம் பக்கத்து இரைச்சல்

கல்முனைக்குடியில் வாகனத்துக்குப் பாட்டுச் செட் பூட்டுகிறவன் என்றால் மசூர்தான். கசட் கரகரக்கிறது, ஸ்பீக்கர் ஒன்று ஊமை, ஹோன் அடித்தால் பாட்டு நிற்கிறது என்று எந்தக் குறையோடு வந்தாலும், டேஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்தானென்றால் குறையைப் பிடிக்காமல் எழும்பமாட்டான். ஆளிடம் ஒரேயொரு கூடாத பழக்கம். வேண்டாத சத்தம் ஒன்று காதில் விழுந்தால் போதும், செட்டை நிறுத்திவிட்டு ஸ்குரூ டிரைவரைத் தேடுவான். மனிதர்களிடமும் அப்படித்தான். யாராவது குறை சொல்லத் தொடங்கினால் முழுவதும் கேட்கப் பொறுமை கிடையாது. "சரி சரி, வெளங்கிட்டு, செஞ்சு தாறன்" என்று பாதியில் எழும்பிவிடுவான். மனைவி ஹாஜறா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகுமுன் இதற்காக எத்தனையோ நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, அவள் போய் இரண்டு வருடம் முடிய இருந்த நேரம் ஒரு கசட் வந்தது. கொண்டுவந்தவள் சாய்ந்தமருது நபீலா. ஹாஜறா வேலை செய்யும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலை, லீவில் வந்திருந்தாள். கசட்டின் முதல் பக்கத்தில் "எல்லாருக்கும்" என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் "இவருக்கு மட்டும்".

முதல் பக்கத்தை மாமியின் கசட் றேடியோவில் போட்டார்கள். ஹாஜறாவின் குரல் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. எல்லோருக்கும் ஸலாம் சொன்னாள், மகள் ஸம்றாவுக்குத் தலை பின்னி விடுவது யார் என்று கேட்டாள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இரண்டாம் பக்கத்தை அங்கே போட முடியாது. வீடு ஹாஜறாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, மசூர் அதில் வந்து குடியிருக்கும் மாப்பிள்ளை. மாமி, ஹாஜறாவின் தங்கைமார், அவர்களின் பிள்ளைகள் என்று எந்த அறையிலும் ஆள். அவனுக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள இருந்த ஒரே இடம் வாசலில் நின்ற பழைய வேன்.

வேனின் பட்டரி செத்துக் கிடந்தது, எஞ்சின் ஓடினால்தான் செட் பாடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணி, கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கசட்டைத் திருப்பிப் போட்டான்.

"இஞ்சேருங்க..." என்று கூப்பிட்டாள் ஹாஜறா. அவ்வளவுதான். ஙொய்யென்று ஓர் இரைச்சல் ஏறி வந்து அவள் குரலை விழுங்கிவிட்டது.

மசூர் நிறுத்தினான். இது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஓல்டனேட்டரின் சத்தம், அவனுக்குத் தெரியாததா? வீட்டு றேடியோவில் நன்றாக ஓடிய கசட் வேனில் இரைகிறது, ஆகவே குறை வேனில். ஊருக்கெல்லாம் செட் திருத்துகிறவன் தன் வேனைக் கவனிக்காமல் விட்டேனே என்று வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் கீழே விட்டான்.

எர்த் வயரைக் கழற்றி, வேனின் தகட்டில் துருவைச் சுரண்டி, புதிதாக முறுக்கினான். இரைச்சல் போகவில்லை. பட்டரியிலிருந்து செட்டுக்கு நேரே வேறு வயர் இழுத்தான். இரைச்சலை அடக்கக் கண்டென்சர் ஒன்று போட்டான். எதற்கும் மசியவில்லை. நாலு நாள் இதே வேலை. ஒவ்வொரு முறையும் "இஞ்சேருங்க" என்ற சொல்லைக் கேட்பான், இரைச்சல் வரும், நிறுத்துவான். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல், எஞ்சின் வேகம் கூடாமலே சத்தம் ஏறுவதைக்கூட ஒருமுறை கவனித்தான். ரெகுலேட்டரில் பிழையென்று அதையும் கழற்றினான். பாவி, அதோடாவது யோசித்திருக்கலாம்!

ஐந்தாம் நாள் காலையில் நபீலா வாசலில் வந்து நின்றாள். பகல் பஸ்ஸில் கொழும்பு, மறுநாள் பிளேன்.

"ஹாஜறா மறுமொழி கட்டாயம் கொண்டு வரச் சென்னவ. கசட்டில கதச்சுத் தாங்க."

செட் மசூர் என்று பேரெடுத்தவனின் செட்டே பாடவில்லை என்றா சொல்வது? ஆசையோடு பேசி அனுப்பியதை இன்னும் கேட்கவில்லை என்றா? அதற்குள் மாமி றேடியோவில் புதுக் கசட்டைப் போட்டு, பதியும் பொத்தானை அமத்திவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தும் விட்டார்.

"கதைங்க மருமகன், வெக்கப்படாம."

என்னதான் கேட்டிருப்பாள்? கூரையை மாற்றட்டுமா, மகளுக்குத் தோடு கொண்டு வரட்டுமா, இப்படி ஏதாவதுதான். மறுத்து அவள் மனதை நோகடிப்பானேன்? தொண்டையைச் செருமினான்.

"ஹாஜறா, உண்ட கசட் கெடச்சிச்சு. எல்லாம் கேட்டன். நீ கேட்டதுக்கு ஓம். முழு மனசோட செல்றன், ஓம்."

நபீலா அதைத் தோல்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் போய் மூன்றாம் நாள் அடுத்த வளவில் குடியிருக்கும் பளீல் தன் உழவு மெசினின் பட்டரியைக் கழற்றித் தந்தான். "கொண்டு போ மச்சான், வயல் வெட்டு முடிஞ்சி சும்மாதானே கெடக்கு."

கடற்கரையில் எஞ்சினை நிறுத்தி, பட்டரியை மாட்டி, கசட்டைப் போட்டான். இரைச்சல் அப்படியே இருந்தது. எஞ்சின் ஓடவில்லை, ஓல்டனேட்டர் சுற்றவில்லை, ஆனாலும் இருந்தது. வேறொரு கசட்டைப் போட்டான். சுத்தமாகப் பாடியது. தொழில் தெரியாதவன்கூட முதல் நாளே செய்து பார்க்கும் சோதனை இது. குறை வேனில் இல்லை, கசட்டுக்குள் இருந்தது. அங்கே போய்த் திருத்த அவனிடம் எந்த வயரும் இல்லை.

கழற்ற இனி ஒன்றும் இல்லாததால், முதன்முறையாக நிறுத்தாமல் கேட்டான். இரைச்சலுக்கு அடியில் ஹாஜறா நெடுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிறகு சத்தம் உச்சத்துக்கு ஏறி, தாழ்ந்து, கடக்கென்று நின்றது. அது அந்தக் குவைத் வீட்டின் உடுப்புக் கழுவும் மெசின்.

"மெசின் நிண்டிட்டு," என்றாள் ஹாஜறா, மெல்லிய அவசரக் குரலில். "இது ஓடக்குள்ளதான் அவங்களுக்குக் கேக்காமக் கதைக்க ஏலும். இந்த ஊட்டுக்காரன் நல்லமில்ல. ராவையில கதவுக்கு மேசய இழுத்து வெச்சிட்டுத்தான் படுக்கன். இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்துக் கேக்காங்க. புருசன் வாணாமெண்டாத்தான் அனுப்புவாங்களாம். நிக்கட்டா? நபீலாட்ட செல்லி அனுப்புங்க. நீங்க ஓமெண்டா நான் ஒண்டும் செல்லமாட்டன், நிண்டிருவன்."

மசூர் தபால் கந்தோருக்கு ஓடினான். "வாணாம், வா" என்று தந்தி அடித்தான், கடிதமும் போட்டான். இரண்டும் அவளை வேலைக்கு எடுத்த ஏஜென்சியின் தபால் பெட்டிக்குத்தான் போகும். அங்கிருந்து அவள் கைக்கு வர ஒரு மாதமாகும் என்று அவனுக்குத் தெரியும். டெலிபோன் நம்பர் கிடையாது. நபீலா குவைத்தில் இறங்கி இரண்டு நாள். மதிலுக்கு மேலால் இந்நேரம் கசட்டை நீட்டியிருப்பாள்.

வேனுக்குத் திரும்பி வந்து வெறுமனே உட்கார்ந்திருந்தான். ஹாஜறா அவனைப்போல அல்ல, எதையும் பாதியில் நிறுத்தமாட்டாள். அவன் சொன்னதைக் கடைசிவரை கேட்பாள்.