பாதி உரையில் அழுத குழந்தை

மகளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவிலிருக்கும் எங்கள் கல்லூரியில் இரண்டு நாள் கூட்டம் நடந்தது. கணிதக்காரர்களும் இயற்பியல்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஒழுங்கில்லாத பொருள்களைப் பற்றியும் அவற்றுக்குள் தற்செயல் செய்யும் வேலைகளைப் பற்றியும் பேசுவதற்கான கூட்டம். நான் அங்கே கணிதம் கற்பிக்கிறேன். பிரசவ விடுப்பிலிருந்த என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கும் ஆசைதான். பால், தூக்கம், ஈரத்துணி தவிர வேறெதையும் யோசித்தே பல நாளாகியிருந்தது.

மாங்காட்டிலிருந்து அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்று காலை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கணவர் அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னார். "நான் வராண்டாவுல வெச்சுக்கிறேன். நீ தைரியமா பேசு" என்றார். ஐயப்பன்தாங்கலிலிருந்து ஆட்டோ பிடித்து மூவரும் போய்ச் சேர்ந்தோம்.

முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். மதுரைப் பக்கத்தில் பிறந்து, வடக்கே ஏதோ ஊரில் வேலை பார்க்கும் மூத்த இயற்பியலாளர். என் திருமணத்துக்கு முன்பு வேறொரு கூட்டத்தில் நான் பேசி முடித்ததும், "இதத்தாம்மா நாங்க அரை மணி நேரத்துல சொல்லிட்டுப் போயிருவோம். நீங்க ரெண்டு வருசம் எடுத்துக்கிறீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது நான் பேசவிருந்ததும் அதே கணக்குதான். ஒருவன் ஒவ்வொரு அடிக்கும் காசைச் சுண்டிப் பார்த்து முன்னாலோ பின்னாலோ நகர்கிறான். அவன் நடக்கும் தெருவே மேடும் பள்ளமுமாக இருந்தால் எவ்வளவு தூரம் போய்ச் சேருவான்? பள்ளத்தில் மாட்டிக்கொள்வான் என்பது இயற்பியல்காரர்களுக்கு எப்போதோ தெரியும். எந்தத் தெருவில், எவ்வளவு நேரம் என்று ஐயமில்லாமல் நிறுவுவது என் வேலை.

பாதிவரை நன்றாகவே போனது. பிறகு வராண்டாவில் அழுகை கேட்டது. கணவர் நடந்தபடியே சமாதானப்படுத்துவதும், புட்டியைக் குழந்தை தட்டிவிடுவதும் எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தன. மார்பு கனத்து, ரவிக்கை நனைவதை உணர்ந்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த வரியை எழுதினேன். எழுதியது தவறு. அழித்தேன்.

அரங்கைப் பெருக்கித் துடைக்கும் அம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"இன்னாமா, கொயந்த அயுதுகினு கீது, நீ கணக்கு போட்டுகினு கீறியே! வா, பக்கத்து ரூமு காலியாத்தான் கீது."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முகம் சூடாகி அப்படியே நின்றேன். முன்வரிசையில் அவர் எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"போய்ட்டு வாங்கம்மா" என்றார் அவர். "எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அதுவரைக்கும் இதே கணக்க எங்க ஆளுக எப்படிப் போடுவோம்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன். யாரும் எந்திரிச்சுப் போயிராதீங்கப்பா."

பக்கத்து அறையில் அந்த அம்மா மின்விசிறியைப் போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே காவலாக நின்றுகொண்டார். மகள் என் விரலைப் பிடித்தபடி குடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய குரலும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. பல நாள்களுக்குப் பிறகு எனக்கு எந்த அவசரமும் இல்லாததுபோல் இருந்தது.

திரும்பி வந்தபோது கரும்பலகை நிறைந்திருந்தது. அவர் சாக்பீஸும் கையுமாக நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு பார்த்தேன். மாட்டிக்கிருச்சு."

"எல்லாத்தையும்விட ஆழமான பள்ளம் ஒண்ணே ஒண்ணுதான்னு எடுத்துக்கிட்டீங்க, சார். கிட்டத்தட்ட அதே ஆழத்துல ரெண்டு இருந்தா?"

பலகையில் அந்த வரியின் கீழே ஒரு கோடு போட்டார். "அதுக்குத்தான் ரெண்டு வருசமா?"

"ஆமா சார்."

"சரிதான்" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். மீதியைப் பேசி முடித்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது எங்கள் மேசைக்கு வந்து, கணவரிடம் கேட்டுக் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"எங்க வீட்டம்மாவும் இதே துறைதான். என்னைவிடக் கெட்டிக்காரி. மக பொறந்ததும் விட்டுட்டா. அவளுக்காக அன்னைக்கு யாரும் காத்திருக்கல." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "நானும்தான்" என்றார்.

கணவர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கிளம்பும்போது அவர் என் கட்டுரையின் பிரதி ஒன்று கேட்டார். தனக்கு இல்லை, வீட்டுக்கு என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பேசினார். "உங்க கட்டுரையப் படிச்சேன். இதெல்லாம் தொட்டே ரொம்ப வருசமாச்சு. தப்பாக் கேட்டா சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன், கேளுங்க."

கேட்டார். ஒரு துணைத்தேற்றத்தில் நான் போட்ட நிபந்தனை உண்மையிலேயே தேவைதானா என்று. நான் உட்கார்ந்துவிட்டேன். அதை எடுத்துவிட்டால் நிரூபணம் பாதியாகச் சுருங்கும்போல் தெரிந்தது. பேனாவைத் தேடி எடுத்து, "மறுபடியும் சொல்லுங்க, மெதுவா" என்றேன்.

அந்தப் பக்கம் இயற்பியலாளரின் குரல் கேட்டது. "என்னவாம்? எங்கிட்டயும் சொல்லேன்."

"செத்த இருங்க" என்றார் அந்தப் பெண். "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல."