கிணற்றுக்குள் நாற்றங்கால்

கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. பஸ் நகர்ந்தால் போதும் என்கிற ஆள் நான். யாரோ ஒரு ஈரக் கோணி மூட்டையை என் காலடியில் நகர்த்தி வைத்தார்கள். முளைகட்டிய விதைநெல். இளஞ்சூடாக, லேசாகப் புளித்து, பாலும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதே நேரம் பஸ் ஒரு முக்கு முக்கி, எரிந்த எண்ணெய்ப் புகையை ஜன்னல் வழியே உள்ளே விட்டது. இரண்டும் மூக்கில் சேர்ந்ததும் என் தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது.

"தூக்கமாங்க?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

'இல்லைங்க, வண்டி ஓட்டுறேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். மூட்டையில் கால் படாமல் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நான் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். பாகிஸ்தானோடு நடந்த இரண்டு சண்டைகளுக்கு நடுவே கிடந்த வருஷங்கள் அவை. முதல் சண்டை முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட வண்டி ஒன்று எங்கள் முதலாளி கைக்கு வந்தது. வலை இழுக்கப் பிடிக்காமல் கடற்கரைக் குப்பத்திலிருந்து ஓடிவந்த நானும் அதே வாரம் அவர் கைக்கு வந்தேன். பலகைகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய முப்பதடிக் கிணறு. அதன் சுவரில் படுத்தபடி, எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றவேண்டும். ஒரே வருஷத்தில் கழுத்து சாய்ந்துவிட்டது, நடையும் கூடவே சாய்ந்தது. டீக்கடைக்கு என்று கிளம்பினால் இடது பக்கத்துச் சைக்கிள் கடையில் போய் நிற்பேன்.

சித்திரையில் மாயவரம். வைகாசியில் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. பலகைகளை எண் வரிசையில் நிறுத்திவிட்டால் எனக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான், வட்டமான ஊர். மரப்படி ஏறி மேல் விளிம்பில் நின்று குனிந்து பார்க்கும் முகங்கள்தான் அதன் வானம்.

திருவிழா முடிந்து, கழற்றலாம் என்றபோது நிலத்துக்காரரான மிராசுதாரின் காரியஸ்தர் குடையோடு வந்தார்.

"எதுக்கு அவசரம்? இன்னும் ஒரு மாசம் இருங்க. வாடகையே வேணாம்னு ஐயா சொல்லிட்டார்."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்த மனசு எதற்கு விரிந்தது என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மேட்டூர் திறந்து, வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்த காலையில், தலையில் ஈரக் கோணியோடு ஒரு பெண் கிணற்றின் பலகைக் கதவருகே வந்து நின்றாள். நாற்பது வயசிருக்கும்.

"கிணறுன்னு போர்டு போட்டிருக்கு, சொட்டுத் தண்ணியக் காணோம்."

"தண்ணி இருந்தா வண்டி வழுக்கும்க்கா."

"இல்லேன்னா எனக்கு நிலம் போயிடும் தம்பி."

கோணியை இறக்காமலே சொன்னாள். நாங்கள் நின்றிருந்த மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், அவள் மாமனார் காலத்திலிருந்து அவர்களுடைய குத்தகைச் சாகுபடி. புருஷன் கூலித் தகராறில் பிடிபட்டு ஜெயிலில் இருந்தான். புது ஆட்சி வந்து, சாகுபடி செய்கிறவர்கள் பேரைக் குத்தகைப் பதிவில் ஏற்றவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. பத்து நாளில் ரெவின்யூ ஆபீசிலிருந்து ஆர்.ஐ. வந்து நிலத்தைப் பார்ப்பார். அவள் பயிர் நின்றால் அவள் பேர் ஏறும், தரிசாகக் கிடந்தால் ஏறாது. எங்கள் கிணறும் சமையல் கொட்டகையும் ஜெனரேட்டர் லாரியும் அந்த மூன்று மாவை அடைத்துக்கொண்டு நின்றது அதற்குத்தான். மிச்ச இடத்தில் ஏர் பூட்ட வந்தவர்களைக் காரியஸ்தரின் ஆட்கள் வரப்பிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"திருவிழா முடிஞ்சா போயிடுவீங்கன்னு விதைய ஊறப்போட்டுட்டேன். முளை விட்டுடுச்சு. இன்னிக்குத் தெளிக்கலேன்னா அழுகிடும்."

கோணி வாயைப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு நெல்லுக்கும் வெள்ளையாக ஒரு மூக்கு. நெல்லை அதுவரை சோறாக மட்டுமே தெரிந்தவன் நான். அது மூச்சு விடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மூட்டையிலிருந்து வந்த சூடு முகத்தில் பட்டது.

என்னவோ தோன்றியது. கதவைத் திறந்து உள்ளே காட்டினேன். சுவரடியைச் சுற்றிச் சாய்வுப் பலகை. அதில்தான் வண்டி வேகம் பிடித்துச் சுவரில் ஏறும். நடுவே வெறும் மண்.

"இங்க அவங்க ஆளுங்க வர மாட்டாங்க."

அவள் அண்ணாந்து கூரைத் துணியைப் பார்த்தாள். "வெயில் வேணுமே?"

"துணியக் கழட்டிடலாம்க்கா."

உச்சிப்பொழுதுக்குள் மண்ணைக் கொத்தி, சேறாக்கி, கையாலேயே மட்டம் தட்டி, விதையைத் தெளித்துவிட்டாள். சமையலுக்கு என்று சொல்லி இரண்டு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அத்தனை சமையல் எங்கள் கொட்டகையில் எந்தக் காலத்திலும் நடந்ததில்லை.

அன்று சாயங்கால ஆட்டத்தில் நான் செய்த தப்பு, சக்கரத்தைத் துடைக்காமல் ஏறியது. மூன்றாம் சுற்றில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சறுக்கி, நான் சரியாக நாற்றங்கால் நடுவே போய் உட்கார்ந்தேன். மேலேயிருந்து ஊரே சேர்ந்து ஒரு குரல் கொடுத்தது.

"ஐயோ, விதை."

என்னைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. விளிம்பில் நின்றிருந்த அவள், "எழுந்திரு தம்பி, முளை மேல உக்காந்திருக்க," என்றாள்.

முதலாளி ஓடிவந்தார். சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னடா இது?"

"நெல்லுங்க முதலாளி."

திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மேலே பார்த்துவிட்டார். விளிம்பு முழுக்க முகம். வயலாட்கள், பெண்கள், எங்கள் ஆட்டத்தை அதுவரை திரும்பியே பார்க்காத கிழவர்கள். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"தண்ணியக் கம்மியா ஊத்தச் சொல்லு," என்றுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் சக்கரத்தில் உமிச்சாம்பல் தேய்த்தேன். பார்க்க வந்தவர்கள் வண்டியைப் பார்க்கவே இல்லை. "பச்சை புடிச்சிடுச்சா?" என்று படியிலேயே கேட்டுக்கொண்டு ஏறினார்கள். நான் இரண்டு கையையும் விட்டு ஓட்டுவேன், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவேன். கைதட்டலெல்லாம் ஐந்தாம் நாள் ஊசி ஊசியாக நின்ற பச்சைக்குத்தான் போனது. இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயம் காரியஸ்தருக்கு மட்டும் தெரியாது. உயரத்திலிருந்து குனிந்தால் தலை சுற்றும் என்று அவர் ஒருநாளும் படியேறியதில்லை. அவரிடம் போய்ச் சொல்லவும் அந்த ஊரில் ஆளில்லை.

ஆர்.ஐ. வந்தார். ஒல்லியான மனிதர், சைக்கிளில்.

"இங்க பயிர் ஏது சார், மரமும் தகரமும்தான்," என்றார் காரியஸ்தர்.

"உள்ள வந்து பாருங்கய்யா," என்றாள் அவள்.

பலகைக் கதவை நான் திறந்தேன். ஆர்.ஐ. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குந்தினார். வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. விரல் உயரத்துக்குப் பச்சை. நான் சுற்றிய காற்றில் நாற்று அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சுழித்து நின்றது.

"சினிமா செட்டு சார், வேணும்னே போட்டிருக்காங்க. மூணு மாவுல மூணு குழி நிலம்கூட இருக்காது."

ஆர்.ஐ. ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி அதே இடத்தில் வைத்து விரலால் அழுத்தினார்.

"செட்டுக்கு வேர் இருக்குமாய்யா?" என்று கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "எதுக்கும்மா இப்படிச் சாஞ்சிருக்கு?"

"வண்டிக் காத்துங்க. இந்தத் தம்பியும் அப்படித்தான் சாஞ்சிருக்கு, பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது. முட்டியின் மேல் நோட்டை வைத்து எழுதினார். அவள் பேரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். பேனா நகர நகர அவள் உதடும் நகர்ந்தது.

மறுநாளே காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. இலவச வாடகை அன்றோடு தீர்ந்தது. ஊர்க்காரர்கள் கூட வந்து, நாற்றின் மேல் நிழல்கூட விழக்கூடாது என்பதுபோலப் பலகைகளைப் பதமாகப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். எல்லாம் போன பிறகு, மிதிபட்டு வெளுத்த நிலத்தின் நடுவே வட்டமாக ஒரு பச்சை மட்டும் நின்றது. முதலாளி ஹாரன் அடித்தார். நான் அந்த வட்டத்தை விட்டு நகராமல் நின்றேன்.

"வளைஞ்சேதான் நிக்குதுக்கா," என்றேன்.

அவள் கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்தாள்.

"நட்டா நாலு நாள்ல நிமிந்துடும். நீ பாத்து நேராப் போ, தம்பி."