வாசனைப் பாக்கு

உறையூர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்ற டெல்பின் டீச்சருக்குப் பொய் என்றால் ஆகாது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, "நோட்டு வீட்டுல இருக்கு டீச்சர்" என்று ஆரம்பித்தாலே போதும், "எழுதலன்னு சொல்லு, விட்டுடறேன்" என்பாள். சொன்ன பிள்ளையை விட்டும் விடுவாள். சமாளித்த பிள்ளைக்குத்தான் அன்றைக்கு மண்டகப்படி. அப்படிப்பட்டவளின் காதில் இரண்டு பேர் சேர்ந்து காலமெல்லாம் பூச்சுற்றியிருக்கிறார்கள். அதில் ஒருவர் தாலி கட்டியவர்.

கல்யாணத்துக்கு அவள் போட்டது ஒரே நிபந்தனைதான். அவளுடைய அப்பா சிகரெட்டுக்கே சம்பாதித்து, சிகரெட்டாலேயே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தவர். அவர் துப்பின கிண்ணத்தைக் கழுவியே அவளுடைய பள்ளிக்கூடக் காலம் போயிற்று. அதனால் பெண் பார்க்க வந்த ஆசீரிடம், காபித் தட்டைக் கீழே வைத்த கையோடு நேராகவே கேட்டுவிட்டாள்: "சிகரெட் உண்டாங்க?" பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசீர் சிரித்துக்கொண்டே, "தொட்டதே இல்லைங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய நண்பர் விக்டர், "மாப்பிள்ளைக்கு நான் ஜாமீன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டெல்பினும் சிரித்தாள்.

ஆசீருக்கும் விக்டருக்கும் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். சாயங்காலம் மன்னார்புரம் வழியாக வண்டியை விட்டு, காவேரிப் பாலம் தாண்டி வீடு வந்து சேர்வார் ஆசீர். வரும்போதே வாயில் வாசனைப் பாக்கு மணக்கும். "எங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் இந்தப் பாக்குதான்" என்று டீச்சர்கள் அறையில் டெல்பின் பெருமையடித்துக்கொள்வாள். மளிகைச் சாமான் வாங்கும்போது துவரம் பருப்பை மறந்தாலும் மறப்பாள், பாக்கை மறந்ததில்லை. புருஷன் ஆசைப்பட்டுக் கேட்பது அது ஒன்றைத்தானே!

ஓய்வு பெற்ற சில வருஷத்தில் ஆசீருக்கு இருமல் வந்தது. பிறகு அந்தப் பெரிய வார்த்தையும் வந்தது. நுரையீரல் புற்றுநோய். "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். ஆசீர் வாயைத் திறப்பதற்கு முன்னால் டெல்பின், "கிடையவே கிடையாது" என்றாள். ஆசீர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாத்துக்குடியோடு பார்க்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நோயாளியைப் பார்க்க வருகிறார்களா, விசாரணைக் கமிஷனா என்று டெல்பினுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றும் இடத்தில்தான் பிச்சையைப் பார்த்தாள். முக்கொம்புப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை பார்த்த மனுஷன். விடியற்காலை பஸ்ஸில் வந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டு ஊர் திரும்புவார். அதைப் பார்த்த அன்றைக்கே டெல்பின் முடிவு பண்ணிவிட்டாள். இந்த மாதிரி ஆட்கள் வந்து படுத்து எழுந்து போக ஒரு வீடு வேண்டும். கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆள், மூச்சு முட்டினால் ஆக்சிஜன் மிஷின், பேச்சுத் துணைக்கு நாலு பேர். பெயர்கூட வைத்துவிட்டாள், 'மூச்சுத்துணை' என்று. காரியதரிசியாக விக்டர் வந்தார். சும்மா சொல்லக் கூடாது, ஓடியாடி வேலை செய்தார்.

நோட்டீஸ் அடித்ததும் விக்டர்தான். ஆசீர் படத்தைப் போட்டு, அதன் கீழே, 'ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவருக்கு இந்த நிலை' என்று எழுதியிருந்தார். கல்லூரி, குடியிருப்போர் சங்கம், ஸ்ரீரங்கத்துப் பஜனை மண்டபம் என்று எங்கே கூப்பிட்டாலும் டெல்பின் போய்ப் பேசினாள். "என் வீட்டுக்காரர் வாழ்நாள்ல ஒரு சிகரெட்டக் கையால தொட்டதில்லைங்க" என்று சொல்லும்போது குரல் தானாகத் தழுதழுக்கும். கூட்டத்திலிருந்து 'ச்சோ' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'ச்சோ' வந்த பிறகுதான் கைகள் பைக்குள் போகும். முன் வரிசையில் ஆசீர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். பாவம், தாங்கமாட்டாமல் குனிகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

பின் வரிசையில் பிச்சையும் குனிந்துதான் இருப்பார். ஒரு நாள் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார். "அந்த வீட்டுல எங்கள மாதிரி ஆளுக்கெல்லாம் எடம் உண்டாக்கா?"

"ஏன் இல்லாம? உங்களுக்குத்தானே கட்டி அழறேன்" என்றாள். பிச்சை பீடி குடித்தவர். அதை மனதில் வைத்துத்தான் கேட்கிறார் என்று அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

பஜனை மண்டபத்தில் பேச்சைக் கேட்ட ரெங்கராஜ், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒரு பாவமும் அறியாதவருக்கா பெருமாள் இப்படிக் கொடுக்கணும்?" என்று மாய்ந்து போனார். தாயார் காலமான பிறகு பூட்டிக் கிடக்கும் அவருடைய சித்திரை வீதி வீட்டை மூச்சுத்துணைக்கு விடுவதாகச் சொன்னார். உறையூர் சர்ச் மண்டபத்தில் நடக்கப்போகும் ஏலத்தன்று எல்லோர் முன்னாலும் சாவியைக் கொடுப்பதாக ஏற்பாடு.

ஏலத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டெல்பின் நோட்டீஸ் கட்டோடு மன்னார்புரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு பெட்டிக்கடையில், புற்றுநோய்க்காரர்களுக்கு நிதி என்று சொல்லி அவள் நீட்டிய நோட்டீஸைக் கடைக்காரர் நஜிமுதீன் வாங்கினார். படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போயிற்று. எழுத்தை அவர் படிக்கவே இல்லை.

"அல்லாவே! நம்ம ஆசீர் அண்ணன். ரொம்ப நாளா வரலயேன்னு பார்த்தேன். நீங்கதான் டீச்சரக்காவா?" கல்லாவைத் திறந்து கையில் வந்ததை அப்படியே அள்ளி நீட்டினார். "வாங்கிக்கங்கக்கா. இதுல எனக்கும் பாவம் உண்டுல்ல? தெனம் சாயங்காலம் இங்க நின்னு ரெண்டு சிகரெட் குடிச்சிட்டுத்தான் அண்ணன் வண்டிய எடுப்பாரு. எடுத்துக் குடுத்தது இந்தக் கைதானே."

"வேற யாரையாவது நெனச்சிட்டுச் சொல்றீங்க" என்றாள் டெல்பின்.

"அண்ணன எனக்குத் தெரியாதாக்கா? குடிச்சு முடிச்சுப் பாக்க வாயில போட்டுக்குவாரு. 'மிச்ச வாசத்தக் காவேரிப் பாலத்துக் காத்து பார்த்துக்கும் பாய்'னு சிரிப்பாரு. பாக்குகூட நீங்க வாங்கிக் குடுக்கறதுன்னு..." அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். "அக்கா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் டெல்பின். பிள்ளைகளிடம் அவள் மன்னிக்காத காரியத்தை அந்தப் பெட்டிக்கடை வாசலில் அவளே செய்தாள். பஸ் ஏறி உட்கார்ந்தாள். சிகரெட்கூட இரண்டாம் பட்சம். அந்தப் பாக்கைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவளை ஏமாற்றுவதற்கு வேண்டிய சாமானை அவள் கையாலேயே, மாசாமாசம், ஆசை ஆசையாக வாங்க வைத்திருக்கிறார்கள்!

நேரே விக்டர் வீட்டுக்குப் போனாள். அவர் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"தெரியும் தங்கச்சி. நானும் கூட நின்னு குடிச்சவன்தான். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே நீ கேட்டுட்டியா, பயந்துட்டான். விட்டுடறேன், விட்டுடறேன்னுதான் சொல்லிட்டிருந்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே நோட்டீஸ்ல அப்படி எழுதுனீங்களாண்ணே? என்னை மேடையேத்திச் சொல்ல வச்சீங்களே!"

"குடிச்சவனுக்கு வந்துச்சுன்னா எவன் குடுப்பான், நீயே சொல்லு. 'அவனுக்கு வேணும்'னு போயிருவான். நல்ல காரியத்துக்குத்தானே? ஏலம் முடியட்டும். சாவி கைக்கு வரட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

ஆசீருக்கும் இது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார் விக்டர். நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டித்தான் கொடுத்தாராம்.

வீட்டில் ஆசீர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். இப்போதெல்லாம் அவரால் கூட்டத்துக்கு வர முடிவதில்லை. டெல்பின், "மன்னார்புரத்துல நஜிமுதீன் கடையில நல்லா குடுத்தாருங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, கஞ்சி ஆற்றுகிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுதலன்னு சொல்லு, விட்டுடறேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆசீர், "தண்ணி குடு" என்றார். அந்த வாரம் முழுக்க, அவர் தானாகச் சொல்ல அவள் இடம் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். அவர் தண்ணி கேட்டார், தலையணையைச் சரிபண்ணச் சொன்னார், ஏலத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தார். அதை மட்டும் சொல்லவில்லை. துடைத்துவிடும்போதும் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் அவள் கை வழக்கம்போலத்தான் வேலை செய்தது. அவள் மனசு மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் வர மறுத்தது.

ஏல நாள் வந்தது. வருஷா வருஷம் விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலம் மாதிரிதான். வீட்டுக்கு வீடு ஏதாவது கொண்டுவருவார்கள். கோழி, வாழைத்தார், பலாப்பழம். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் காசைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அதையே மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரே வாழைத்தார் ஏழெட்டுக் கை மாறும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கஞ்சப்பயல் என்று கேலி பண்ணுவார்கள். டெல்பின் ஒரு தூக்கு நிறைய அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டு போயிருந்தாள். முன் வரிசையில் ரெங்கராஜ் சாவிக் கொத்தோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பிச்சை, பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

டெல்பின் மைக்கைப் பிடித்தாள். 'என் வீட்டுக்காரர்' என்று ஆரம்பித்தவுடனே மண்டபம் 'ச்சோ'வுக்குத் தயாராகிவிட்டது. விக்டர் அவளைக் கண்ணாலேயே கெஞ்சினார். பின் வரிசையில் பிச்சையின் தலை கீழே போவதைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் பேச்சு அந்தத் தலையைத்தான் அமுக்கியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று தைத்தது.

"என் வீட்டுக்காரர் சிகரெட் குடிச்சவர்தாங்க" என்றாள். "தெனமும் குடிச்சிருக்கார். எனக்கே போன வாரந்தான் தெரியும். நான் இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னது பொய். ஆனா அவருக்கு மூச்சு முட்டறது பொய் இல்ல. குடிச்சவருக்கும் முட்டும், குடிக்காதவருக்கும் முட்டும். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வீடு கேக்கறேன். இப்பவும் குடுக்கறதா இருந்தா குடுங்க."

யாரும் 'ச்சோ' கொட்டவில்லை. ரெங்கராஜ் மெதுவாக எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார். கோபமாகக்கூட இல்லை அவர் முகம்.

"நான் வீட்டுக்காகச் சொல்லலம்மா. உங்களை நம்பித்தானே வந்தேன்? யோசிச்சுச் சொல்றேன்" என்றார். சாவிக் கொத்து ஜிப்பாப் பைக்குள் போயிற்று. உங்களை நம்பித்தானே வந்தேன் என்பது, ஆசீரிடம் கேட்கவேண்டும் என்று ஒரு வாரமாக அவளே வாயில் வைத்திருந்த கேள்வி.

ஏலம் விடுகிறவர் நிலைமையைச் சமாளிக்க அச்சு முறுக்குத் தூக்கைத் தூக்கிக் காட்டினார். போன அறுப்பின் பண்டிகையில் போட்டி போட்டுக் கேட்ட முறுக்கு. இன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. "நூறு ரூவா" என்றார் பிச்சை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பேத்தி போய்த் தூக்கை வாங்கினாள். திருப்பிக் கொடுப்பார் என்று ஏலக்காரர் கையை நீட்டியபடி நின்றார்.

"இல்லைங்க. வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார் பிச்சை. யாரும் கேலி பண்ணவில்லை. அவர் டெல்பினை நேராகப் பார்த்தார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

வீடு திரும்பியபோது ஆசீர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். "சாவி குடுத்தாரா?" என்றார்.

"இல்ல. சொல்லிட்டேன்."

என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. கண்ணில் நீர் வழிந்து குழாய் மேல் இறங்கியது. டெல்பின் துண்டை எடுத்துத் துடைத்தாள்.

"எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லங்க? பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியுது, பாலத்துக் காத்துக்குத் தெரியுது. நான் யாரு உங்களுக்கு?"

ஆசீர் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். "சொன்னா... நீ விட்டுட்டுப் போயிருவேன்னு... பயம்."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா இருந்திருப்பேன்" என்றாள் டெல்பின். "இன்னிக்குப் போகணும்னு இருக்கு. உங்கள இப்படிப் போட்டுட்டு எங்க போறது, சொல்லுங்க?"

அவர் இருமத் தொடங்கினார். அவள் போய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் வாயருகே பிடித்தாள்.